நோயாளிக்கு மட்டும்தான் மூடநம்பிக்கையா?

குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல் போகும் காலைப் பேருந்தில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். மகளுக்கு 19 வயது. மணிக்கட்டில் கோடாங்கி மந்திரித்துக் கட்டிய கருப்புக் கயிறு. தாயின் மடியில் இருக்கும் மஞ்சப்பையில் மாத்திரைச் சீட்டு, ஸ்கேன் எடுத்த கவர், போன மாதம் வாங்கி மிச்சம் கிடக்கும் சத்து டானிக். அந்தப் பெண் இரண்டு வருடமாக நூற்பாலைக்குப் போகிறாள். மூன்று மாதமாகத் தூக்கமில்லை. நெஞ்சு படபடக்கிறது. ஷிப்ட் நடுவில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள்.

இவளுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. இவள் ஒருத்தி அல்ல. வேடசந்தூர், எரியோடு, குஜிலியம்பாறை என்று ஆலை வண்டி வந்து நிற்கிற சேரிகளிலும் காலனிகளிலும் கேட்கிற பல கதைகளைச் சேர்த்துத்தான் இவளைச் சொல்கிறோம்.

அவளுக்கு என்ன நோய் என்று எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கிறது. “உச்சி வேளையில புளியமரத்துப் பக்கம் போனா, காத்து பட்டிருச்சு” என்கிறார் அம்மா. பங்காளி வீட்டுச் செய்வினை என்கிறார் பெரியப்பா. லீவுக்காக நடிக்கிறாள் என்கிறார் ஆலை சூப்பர்வைசர். ரத்தம் கம்மி என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார் உள்ளூர் மருத்துவர். ‘மனச்சோர்வு’ என்று எழுதி ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார் நகரத்து மனநல மருத்துவர். வெளியே ஐம்பது பேர் வரிசையில் நிற்க, அவரால் ஒதுக்க முடிந்தது நான்கு நிமிடம். அடுத்த அறையில் கவுன்சிலிங். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நெகட்டிவாக யோசிக்கக் கூடாது என்றார்கள்.

இவற்றில் எல்லாமே தவறு என்று சொல்ல மாட்டோம். மாத்திரை போட்ட பிறகு கொஞ்சம் தூங்குகிறாள். அது பெரிய விஷயம்தான். ஆனால், இத்தனை பேரில் ஒருவர்கூட அவளிடம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: “உனக்கு என்னம்மா தோணுது? இது எதனால வந்துச்சுன்னு நீ நினைக்கிற?”

கேட்டிருந்தால் அவளிடமும் ஒரு பதில் இருந்தது. சூப்பர்வைசர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சாதியைச் சொல்லித்தான் கூப்பிடுவான். ஒருநாள் கையைப் பிடித்தான். விடுதி வார்டனிடம் போய்ச் சொன்னாள். “இதையெல்லாம் பெருசு பண்ணாத, உனக்குத்தான் அசிங்கம்” என்றார் வார்டன். அன்றைக்கு ராத்திரியிலிருந்துதான் தூக்கம் போனது.

எது நம்பிக்கை, எது அறிவு?

மனநலம் பற்றிப் பேச்செடுத்தாலே முற்போக்காளர்களாகிய நமக்கு ஒரு வழக்கமான வசனம் உண்டு. “மக்களிடம் விழிப்புணர்வு இல்லை. பேய், பிசாசு, செய்வினை என்று அலைகிறார்கள்.” இது பாதி உண்மை. இதையே முழு உண்மையாக எடுத்துக்கொண்டால் நோயாளியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம்.

சிகிச்சை அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் நம்பிக்கைகள் இருக்கின்றன. நோய் எதனால் வந்தது, எப்படிக் குணமாகும், எதிரில் இருப்பவர் எப்படிப்பட்ட ஆள் என்று இருவரும் ஒரு கணக்கோடுதான் வருகிறார்கள். நோயாளியின் கணக்குக்கு ‘நம்பிக்கை’ என்று பெயர். சிகிச்சை தருபவரின் கணக்கு எதுவாக இருந்தாலும் அதற்கு ‘அறிவு’ என்று பெயர். இந்தப் பெயர் சூட்டலில்தான் அதிகாரம் ஒளிந்திருக்கிறது.

ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மானுடவியலும் படித்தவர், தைவானில் கள ஆய்வு செய்தவர். 1970களில் அவர் இதைத்தான் பிடித்தார். நோயாளிக்கு ஒரு விளக்கம் இருக்கிறது, மருத்துவருக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது, இரண்டையும் மேசைமேல் வைத்துப் பேசாவிட்டால் சிகிச்சை நடக்காது என்றார். 1978இல் அவரும் சக ஆய்வாளர்களும் மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்க வேண்டிய சில எளிய கேள்விகளை முன்வைத்தார்கள். இது எதனால் வந்ததாக நினைக்கிறீர்கள், ஏன் அந்த நேரத்தில் ஆரம்பித்தது, எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள், எந்த மாதிரி சிகிச்சை வேண்டும் என்கிற வகைக் கேள்விகள். கேட்க இயந்திரம் வேண்டாம், செலவும் இல்லை. ஆனாலும் அரை நூற்றாண்டு கழித்து நம் பெண்ணிடம் இதைக் கேட்க ஆள் இல்லை.

“இவங்களுக்குப் பேச்செல்லாம் சரிப்படாது”

ஏன் கேட்பதில்லை? நேரம் இல்லை என்பது ஒரு காரணம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சைக்குள் வராமலேயே இருக்கிறார்கள். வருகிறவர்களைப் பார்க்கவே மருத்துவர்கள் போதவில்லை.

நேரம் மட்டும்தான் காரணம் என்றால் நகரத்துத் தனியார் கிளினிக்கில், ஒரு அமர்வுக்கு ஆயிரமும் அதற்கு மேலும் வாங்கிக்கொண்டு, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கு ஆள் எப்படிக் கிடைக்கிறது? யாருக்கு மாத்திரை, யாருக்குப் பேச்சு என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது? கிராமத்து ஏழைக்கு ‘உள்நோக்கிப் பார்க்கும்’ பழக்கம் இல்லை, உடம்பு வலி என்றுதான் சொல்வான், ஊசி போட்டால்தான் திருப்தி, கட்டளை போட்டால்தான் கேட்பான் என்ற ஒரு நம்பிக்கை இந்தத் துறைக்குள் வெகுகாலமாக உலவுகிறது. இது எந்த ஆய்வகத்திலும் நிரூபிக்கப்பட்டது அல்ல. இதுவும் காத்து கருப்பு போலத்தான், பார்த்தவர் இல்லை, நம்புகிறவர் உண்டு.

நோயாளிகள் ஊசியும் மாத்திரையும் கேட்பது உண்மை. ஏன் கேட்கிறார்கள்? ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போகும். வாரா வாரம் வந்து உட்கார முடியாது. போனால் கையோடு ஏதாவது வாங்கிக்கொண்டு வர வேண்டும். இது அறியாமையில் வந்த எதிர்பார்ப்பு அல்ல, கூலி வாழ்க்கை கற்றுக்கொடுத்த எதிர்பார்ப்பு. அதைப் புரிந்துகொள்ளாமல், மூன்றாவது அமர்வுக்கு வராத நோயாளியின் சீட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதுகிறார்கள். பேருந்துக் காசும் கூலி இழப்பும் அந்தச் சீட்டில் இடம்பெறுவதில்லை.

‘ஏழைக்குப் பேச்சு சிகிச்சை ஒத்துவராது’ என்பது பொய் என்பதற்குச் சான்று இருக்கிறது. கோவா மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேலும் அவர் குழுவும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2017இல் அது ‘லான்செட்’ இதழில் வெளியானது. கடுமையான மனச்சோர்வு கொண்ட சுமார் 500 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்போடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச்சு சிகிச்சை கிடைத்தது. பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். மூன்று மாதத்தில், பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு.

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், சுகாதார நிலைய வளாகங்களில் மரப் பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்கார வைத்தார். ‘நட்பு பெஞ்சு’ என்று பெயர். அங்கே வருகிறவரிடம் ‘டிப்ரெஷன்’ என்று சொல்வதில்லை. அவர்களுடைய ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று ஒரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ஊரில் “ரொம்ப யோசனை, மனசு விட்டுப்போச்சு” என்கிறோமே, அதேதான். நோயாளியின் சொல்லிலிருந்து பேச்சைத் தொடங்கினார்கள். பலன் இருக்கிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

குருவாக மாறும் மருத்துவர்

நோயாளியின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று சொன்னவர்கள் இந்தியாவில் முன்பே இருந்தார்கள். ஆனால் எந்த நம்பிக்கையை மதிப்பது என்பதில்தான் சிக்கல். 1973இல் ஜே.எஸ். நேகி என்ற மனநல மருத்துவர், இந்தியாவில் உளவழி சிகிச்சைக்குக் குரு–சீடர் உறவு ஒரு முன்மாதிரியாகலாம் என்று எழுதினார். மேலைநாட்டு மருத்துவர் நோயாளியைத் தனித்து நிற்கச் சொல்கிறார், இந்திய நோயாளியோ வழிகாட்டுதலை எதிர்பார்க்கிறார் என்ற அனுபவத்திலிருந்து அவர் பேசினார். அந்த அனுபவம் பொய்யல்ல. இன்றும் நோயாளிகள், “நீங்களே ஒரு வழி சொல்லுங்க சார்” என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால் குரு என்ற சொல் இந்த மண்ணில் யாருடையது? ஏகலைவனிடம் கட்டை விரலைக் கேட்டவரும் குருதான். கற்க வந்தவனின் பிறப்பைப் பார்த்து வாசலில் நிறுத்திய மரபு அது. ஒடுக்கப்பட்ட வீட்டிலிருந்து வரும் நோயாளியின் முன் சிகிச்சை தருபவர் குருவாக உட்கார்ந்தால், அந்த நோயாளி தெருவிலும் பள்ளியிலும் ஆலையிலும் பார்த்துப் பயந்த அதே உறவைத்தான் அறைக்குள்ளும் பார்க்கிறார். சரிங்க, ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு வெளியே வருகிறார். சொல்ல வேண்டியது தொண்டைக்குள்ளேயே நிற்கிறது. நோயாளி வழி கேட்கிறார் என்பதற்காக அவர் அடிபணியக் கேட்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது.

கோயிலும் சங்கிலியும்

“அப்படியானால் கோடாங்கியிடமே போகட்டும் என்கிறீர்களா?” என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் மக்கள் அங்கே ஏன் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் வந்து தங்கும் முத்துசாமி கோயிலில் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் 2000இல் ஓர் ஆய்வு செய்தார்கள். கடுமையான மனநோய் கொண்ட 31 பேர். அங்கே சிறப்புப் பூசை, பேயோட்டுதல் எதுவும் இல்லை. காலையில் வழிபாடு, பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இடத்தைச் சுத்தம் செய்வது போன்ற சிறு வேலைகள். கூடவே வீட்டு ஆள் ஒருவர். தங்கியிருந்த காலத்தில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் இது வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே சாமி குணப்படுத்தியது என்று யாரும் கொடி பிடிக்க முடியாது. பயமுறுத்தாத, ஆதரவான சூழல்தான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். பகுத்தறிவாளர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. மனிதரை விரட்டாமல், திட்டாமல், கையில் ஒரு வேலை கொடுத்துக் கூட ஓர் ஆளை வைத்தால் நோய் தணிகிறது. இதற்குச் சாமி தேவையில்லை. அரசு மருத்துவமனையில் இது ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

இன்னொரு பக்கமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில் 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மந்திரிக்கிறேன் என்று வேப்பிலையாலும் சாட்டையாலும் பெண்களை அடிப்பவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பேயோட்டுச் சடங்குகளை ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ் 1990களில் எழுதியதைப் பாருங்கள். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாக மணமான பெண்கள். பிடித்ததாகச் சொல்லப்பட்டவை அகாலமாக இறந்த இளைஞர்களின் ஆவிகள். ஆவியை விரட்டிப் பெண்ணை மறுபடி மனைவியாக்கிக் கணவனிடம் சேர்ப்பதில் சடங்கு முடிகிறது. அந்தத் திருமணம் அவளுக்குப் பிடித்ததா என்று அங்கேயும் யாரும் கேட்பதில்லை. நம் தெருக்களில் பேய்க்கும் சாதி சொல்கிறார்கள். சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்கு ‘எவனோ மருந்து வச்சுட்டான்’ என்கிறார்கள். கோடாங்கியின் விளக்கமும் சாதியின் பக்கம்தான் நிற்கிறது.

சாதி என்ற காரணத்தை எழுத இடமில்லை

கோடாங்கிக்கும் கவுன்சிலருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே சாதியைக் காரணமாகச் சொல்லத் தயங்குகிறார்கள். ஒருவர் மரத்தில் இருக்கும் முனியைக் காட்டுகிறார். மற்றவர் மண்டைக்குள் இருக்கும் எதிர்மறை எண்ணத்தைக் காட்டுகிறார். ஆலை சூப்பர்வைசரை இருவருமே காட்டுவதில்லை.

உயர்கல்வி நிறுவனங்களிலும் இதே கதைதான். மும்பை ஐஐடி மாணவர் தர்ஷன் சோலங்கி 2023 பிப்ரவரியில் இறந்தபோது, நிறுவனத்தின் விசாரணைக் குழு படிப்பில் பின்தங்கியதையே காரணமாகச் சுட்டியது. நேரடியான சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று இல்லை என்றது. அவர் குடும்பம் அதை ஏற்கவில்லை. பின்தங்கியது ஏன் என்ற அடுத்த கேள்வி அங்கே நின்றுபோனது. ஒரு விளக்கம் எங்கே நிறுத்தப்படுகிறது என்பதைப் பார்த்தாலே அது யாரைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

1936இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதிய அண்ணல் அம்பேத்கர், சாதி மனிதர்களின் மனத்துக்குள் குடியிருக்கிறது என்று அடையாளம் காட்டினார். அப்படியானால் மனத்தைப் படிப்பதே தொழில் என்று சொல்லும் துறை சாதியைப் பற்றித்தானே முதலில் பேசியிருக்க வேண்டும்?

பேசிய ஒருவர் உலகில் இருந்தார். ஃபிரான்ஸ் ஃபனான் 1953இல் பிரெஞ்சுக் காலனியான அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்கு வந்தார். ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் கூட்டங்கள், இதழ், கொண்டாட்டங்கள் என்று புதிய முறையைக் கொண்டுவந்தார், பலன் கிடைத்தது. அதையே அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் பிரிவில் செய்தபோது தோற்றது. காலனிய மருத்துவர்களாக இருந்தால், அல்ஜீரியர் மூளையே அப்படித்தான் என்று எழுதியிருப்பார்கள், எழுதியும் இருந்தார்கள். ஃபனானும் அவருடைய உதவியாளர் அசுலேயும் 1954இல் வேறு மாதிரி எழுதினார்கள். தவறு நோயாளிகளிடம் இல்லை, அவர்களுடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் ஐரோப்பிய முறையைத் திணித்த எங்களிடம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு அங்கே அவர்களுக்குப் பழக்கமான காபிக் கடை வந்தது, அவர்களுடைய பண்டிகைகள் வந்தன, கதை சொல்லி வந்தார். தன் நம்பிக்கையைச் சந்தேகிக்கத் தெரிந்த மருத்துவர் அவர். நமக்கு வேண்டியதும் அத்தகையவர்கள்தான்.

என்ன கேட்க வேண்டும்?

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு மனநலச் சேவையை எல்லோருக்கும் உரிமையாக்குகிறது. சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்று 18ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது. ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு விழுமியங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. சாதி மறுத்துக் காதலித்த பெண்ணை மனநோயாளி ஆக்குவதற்கு எதிராக நம் கையில் இருக்கும் ஆயுதம் இது. சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு தடை செய்கிறது.

சட்டம் அறைக்குள் வருவதற்கு நாம் கேட்க வேண்டியவை சில. மாவட்ட மனநலத் திட்டம் வட்டார அளவுக்கு, குஜிலியம்பாறை அளவுக்கு, பேச்சு சிகிச்சையோடு இறங்கி வர வேண்டும். ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரம் வேண்டும். சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, சம்பளம் கொடுத்து, ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்க வேண்டும். உளவியல் பாடத்திட்டத்தில் சாதி ஒரு பாடமாக வேண்டும். சாதி இந்துக்களும் அந்தப் பாடத்தில் ஆராயப்பட வேண்டியவர்களே.

இதே மண்ணில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. வேடசந்தூர் பக்கத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பின், தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கண்டது. பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் கவனிக்க, தொழிலாளர்களுக்குள்ளிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அது மனநலத் திட்டம் அல்ல. ஆனால், சொன்னால் கேட்க ஆள் உண்டு, கேட்டால் நடவடிக்கை உண்டு என்ற நிலை வந்தால் பெண்கள் பேசுகிறார்கள் என்பதை அது காட்டியது. எந்த உளவழி சிகிச்சைக்கும் அடிப்படை இதுதானே?

தோழர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில், தெருவில் யாராவது மனசு சரியில்லை என்று சொன்னால், கையில் கட்டிய கயிற்றைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ எண்ணைக் கொடுங்கள். இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை. கூட மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டியதைக் கேட்க வையுங்கள்.

பேருந்து திண்டுக்கல் வந்து சேர்ந்துவிட்டது. அம்மா மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். பின்னால் இறங்கும் மகளிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. இன்றைக்காவது யாராவது கேட்பார்களா?